வருமானம் இடம் கொடுத்தவுடன்

அனுப்புநர்:
கலிஃபோர்னியாவில் வரி கட்டும் ஒரு தமிழன்.

பெறுநர்:
மேன்மை தங்கிய ரீஜன்ட்ஸ் குழுவினர்,
கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், ஓக்லாண்ட்.

பொருள்: கல்விக் கட்டணத்தை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்கள் பல்கலைக்கழகத்தை நிறுவிய 1868ஆம் ஆண்டுச் சட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பார்வையில் கண்ட சட்டத்தைக் கடைசியாக எப்போது புரட்டினீர்களோ தெரியாது. 26 ஓட்டுள்ள குழு. அதில் 18 பேர் ஆளுநர் நியமித்துப் பன்னிரண்டு வருடம் நாற்காலியில் இருப்பவர்கள். வேலை தலைக்கு மேல் இருக்கும். ஆகவே நினைவூட்டுகிறேன். பல்கலைக்கழகத்தின் வருமானம் இடம் கொடுத்தவுடன் மாநிலவாசிகள் எல்லோருக்கும் சேர்க்கையும் படிப்பும் இலவசம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது. அந்த நாள் எப்போது வரும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள். பாவம், அவர்கள் காலத்தில் தொலைக்காட்சி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், வருமானம் இடம் கொடுக்காத காலத்தில்தான் இலவசம் நடந்தது. சில்லறைக் கட்டணங்கள் நீங்கலாக, ஏறக்குறைய நூறு வருடம் மாநிலத்துப் பிள்ளைகள் காசு கட்டாமல் படித்தார்கள். 1960இல் அன்றைய பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் முன்னின்று வகுத்த, மாநில உயர்கல்விக்கான மாஸ்டர் பிளானும் அதையே உறுதி செய்தது. 1967 ஜனவரியில் ரொனால்ட் ரீகன் ஆளுநராகி மூன்றாவது வாரத்தில் உங்கள் குழு கெர்ரை வீட்டுக்கு அனுப்பியது. 1970இல் வசூல் தொடங்கியது. இந்தக் கெர்தான், பல்கலைக்கழகத் தலைவருக்கு மூன்று தலைவலிகள் என்று ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னவர். பேராசிரியர்களுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும், பழைய மாணவர்களுக்கு விளையாட்டு வேண்டும். படிக்கிற மாணவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர் சொன்னதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத ஆசிரியர் விடமாட்டார். பட்டம் குறைந்த செலவில் வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அன்று அது யாருக்கும் தலைவலியாக இருக்கவில்லை.

போகட்டும். வருமானத்துக்கு வருகிறேன்.

2022 ஜூன் 30 அன்று தங்கள் லாஸ் ஏஞ்சலஸ் வளாகம், யுசிஎல்ஏ, மேற்குக் கடற்கரைக் கல்லூரிகளின் பேக்-12 விளையாட்டுக் கூட்டமைப்பை விட்டு பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது. பக்கத்திலிருக்கும் யுஎஸ்சியும் கூடவே கிளம்பியது. பிக் டென் என்பது மிச்சிகன், ஒஹையோ பக்கத்துக் கல்லூரிகளின் கூட்டமைப்பு. கிழக்கே நியூ ஜெர்ஸி வரை நீளும். அந்த ஆகஸ்டிலேயே ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி தொலைக்காட்சிகள் மூன்றும் ஆட்டங்களை ஒளிபரப்ப அதற்கு ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கும் மேல் எழுதிக் கொடுத்தன. யுசிஎல்ஏ விளையாட்டுத் துறை அப்போது மூன்று வருடத்தில் பத்துக் கோடி டாலருக்கும் மேல் துண்டு விழுந்து நின்றது. பசித்தவன் பந்தியைப் பார்த்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் வியப்பது தங்களைப் பார்த்து. முடிவெடுத்தது வளாகத்தின் சான்சலர். 1991இல் கொடுத்த ஓர் அதிகாரப் பகிர்வின்படி இந்த மாதிரி ஒப்பந்தங்களில் வளாகத் தலைவரே கையெழுத்துப் போடலாமாம். ஆளுநர் கேவின் நியூசம் தங்கள் குழுவில் பதவிவழி உறுப்பினர். அவரே எழுந்து, இது எப்படி நடந்தது என்று விளக்கம் கேட்டார். தங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று தாங்களே விசாரணை வைத்த அழகை நான் ரசித்தேன். கட்டணம் ஏற்ற வேண்டுமென்றால் மட்டும் முறை எவ்வளவு சுத்தம்! முன்கூட்டியே நிகழ்ச்சிநிரல், பொதுமக்கள் கருத்துக்கு நேரம், ஒலிவாங்கி முன் வரிசையில் நிற்கும் பிள்ளைகள், ஆளுக்கு ஓரிரு நிமிடம், பிறகு வாக்கெடுப்பு. பிள்ளைகள் பேசினார்கள் என்பது பதிவாகும்; கட்டணம் ஏறும். நூறு வருட உறவை முறிப்பதற்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

2022 டிசம்பரில் தாங்கள் யுசிஎல்ஏ போகலாம் என்று ஆசி வழங்கி, கூடவே ஒரு தீர்ப்பும் எழுதினீர்கள். வீட்டை விட்டுப் போகிறவன், பேக்-12இல் விட்டுவிட்டுப் போகும் தங்கள் பெர்க்லி வளாகத்துக்கு ஜீவனாம்சம் கட்ட வேண்டும். தொகை 2024 மே மாதம் முடிவானது: வருடத்துக்கு ஒரு கோடி டாலர், மூன்று வருடம். கணவன் வீட்டுக் கணக்கும் மனைவி வீட்டுக் கணக்கும் ஒரே மாமனாரின் பெட்டியில் இருக்கும்போது ஜீவனாம்சம் கட்டச் சொன்ன நீதிமன்றம் உலகில் வேறு எங்கும் இருக்காது. போகிற வழிக்கு வீரர்களுக்குக் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் தர வேண்டும், அலைச்சல் குறையத் தனி விமானம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் நிபந்தனை போட்டீர்கள். நல்ல மனசு. விளையாடாத பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்றுதான் வளாகத்தில் ஃபுட் பேன்ட்ரி வைத்து மளிகை கொடுக்கிறீர்கள் போலும். அரிசி, பீன்ஸ், டப்பாவில் அடைத்த தக்காளி. தனி விமானம் கிடையாது.

இனி பெர்க்லியின் கதை. 1915இல் அந்த மேற்குக் கரைக் கூட்டமைப்பை நிறுவிய நான்கு கல்லூரிகளில் அது ஒன்று. 2023 கோடையில் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரும் கலைந்தார்கள். ஜூலையில் கொலராடோ போனது. ஆகஸ்ட் 4, ஒரே நாளில், ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கும், இரண்டு அரிஸோனாக்களும் யூட்டாவும் பிக் 12 என்ற மற்றொரு கூட்டமைப்புக்கும் போயின. செப்டம்பர் 1 அன்று பெர்க்லிக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் ஒரு வீடு கிடைத்தது. அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்.

பெர்க்லி மலையில் ஏறி நின்றால் தெரிகிற தண்ணீர் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா. அதைத் தாண்டினால் பசிபிக். அட்லாண்டிக்கைப் பார்க்கத் திரும்பி நின்று ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர் பறக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டை விட்டால் கூட்டமைப்பில் மிக அருகிலிருக்கும் அண்டைவீடு டாலஸ். அதுவே 2,300 கிலோமீட்டருக்கு மேல். 2024இல், முதல் பருவத்திலேயே, ஃபுட்பால் அணி ஃபுளோரிடாவின் டலஹாசி, பிட்ஸ்பர்க், வட கரோலினா, டாலஸ் என்று சுற்றி வந்தது. ஃபுட்பாலாவது வாரத்துக்கு ஓர் ஆட்டம். சாஃப்ட்பாலும் வாலிபாலும் ஆடுகிற பெண்கள் அடிக்கடி மூன்று மணி நேர வித்தியாசத்தைக் கடந்துபோய் ஆடிவிட்டு, விமானத்தில் மடிமேல் கணினியை வைத்து மிட்-டெர்முக்குப் படிக்க வேண்டும். இவர்களின் ஆட்டத்துக்காகவா கோடிகளில் ஒளிபரப்பு ஒப்பந்தம்? இவர்கள் அந்த ஒப்பந்தத்தின் சாமான் மூட்டையில் ஏறியவர்கள்.

போன வீட்டில் வரவேற்பு எப்படி? ஏற்கனவே அங்கிருந்த ஃபுளோரிடா ஸ்டேட், கிளெம்சன், வட கரோலினா பல்கலைக்கழகங்கள் மூன்றும் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டன. ஃபுளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரில், இந்தக் கூட்டமைப்பே எனக்கு வேண்டாம் என்று வழக்கும் போட்டது. அப்படிப்பட்ட வீட்டில் நுழைய பெர்க்லி ஒப்புக்கொண்ட விலை: ஒளிபரப்புப் பங்கில் முதல் ஏழு வருடம் 30 சதவீதம் மட்டும். எட்டாம் வருடம் 70, ஒன்பதாம் வருடம் 75, பிறகுதான் முழுப் பங்கு. வெளிமாநிலத்தாரிடம் எப்படிக் கறப்பது என்பது தங்களுக்குக் கைவந்த கலையாயிற்றே! 2024 நவம்பரில்தான், வெளியூர்ப் பிள்ளைகள் கூடுதலாகக் கட்டும் தொகையை, புதிதாகச் சேர்பவர்களுக்கு 34,200 டாலரிலிருந்து 37,602 ஆக்கினீர்கள். ஃபுட்பாலில் தாங்களே வெளியூர்க்காரராகப் போய் நின்றபோது அந்தச் சாமர்த்தியம் எதிர்த்தரப்பிடம் இருந்தது.

குற்றம் சொல்லவே எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நல்லதும் நடந்தது. 2024 அக்டோபர் 5 அன்று ஈஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சியின் காலேஜ் கேம்டே நிகழ்ச்சி முதல்முறையாகப் பெர்க்லிக்கு வந்தது. பேராசிரியர்கள் நோபல் வாங்கியபோது வராத கேமராக்கள் விடிவதற்கு முன்பே புல்வெளியில் வந்து நின்றன. அன்றிரவு மயாமிக்கு எதிராக 35-10 என்று முன்னிலையில் இருந்து, 38-39 என்று தோற்றது பெர்க்லி. அது கிடக்கட்டும். காலையில் அதே நிகழ்ச்சியில் ஒரு மாணவரைக் கூப்பிட்டு, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதை என்றார்கள். ஃபுட்பால் அணியில் இல்லாத சாதாரண மாணவர். ஓடிவந்து உதைத்தார். பந்து உள்ளே போனது. ஒரு லட்சம் டாலர் பரிசு!

அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த உள்மாநில மாணவர் தங்களுக்குக் கட்டியது 14,436 டாலர். நான்கு வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன்: 57,744. ஒரு உதையில் பட்டப்படிப்பே முடிந்து 42,256 மிச்சம். பெர்க்லியில் வாடகை கொடுக்க அது கொஞ்ச நாளைக்குக் காணும். கலிஃபோர்னியாவில் கல்விக் கடனுக்கு இதைவிட வேகமான பரிகாரத்தை நான் கண்டதில்லை. சேர்க்கை அலுவலகத்துக்கு வெளியே இரண்டு கம்பம் நட்டு வைத்தால் என்ன?

ஒரு பதில் தயாராக வைத்திருப்பீர்கள். தெரியும். விளையாட்டுப் பணம் தனி, படிப்புப் பணம் தனி. கட்டணம் ஏறுவது 2021இல் நாங்கள் நிறைவேற்றிய திட்டப்படி, விலைவாசியோடு சேர்ந்து, ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும். சேர்ந்த பிறகு ஆறு வருடம் வரை மாறாது. உண்மை. அந்தத் திட்டத்தில் நாணயம் இருக்கிறது, அண்ணனைவிடத் தம்பி நிச்சயம் அதிகமாகக் கட்டுவான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆனால் இரண்டு பணமும் தனித்தனி என்பதைப் பெர்க்லி ஃபுட்பால் அணியின் மெமோரியல் ஸ்டேடியத்தின் பக்கம் நின்று சொல்ல முடியுமா?

அந்த மைதானம் ஹேவர்ட் பூகம்பப் பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பிளவு ஏறக்குறைய ஒரு கோல்கம்பத்திலிருந்து மறு கோல்கம்பம் வரை ஓடுகிறது. பூமி நகர்ந்தால் மேற்குப் பக்கத்து ரசிகர்களும் கிழக்குப் பக்கத்து ரசிகர்களும் வேறுவேறு திசையில் போவார்கள். அதைச் சீரமைக்க 32 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்கிக் கட்டி 2012இல் திறந்தார்கள். பக்கத்தில் பயிற்சிக்கூடம் கட்ட ஓக் மரங்களை வெட்டக் கூடாது என்று 2006இலிருந்து 2008 வரை மரத்தின் மேலேயே குடியிருந்தவர்கள் தனிக்கதை. கடனை எப்படி அடைப்பது? நல்ல இருக்கைகளை நாற்பது, ஐம்பது வருட உரிமையாகப் பல்லாயிரம் டாலருக்கு ரசிகர்களிடம் விற்று. கணக்கு காகிதத்தில் பிரமாதமாக இருந்தது. இருக்கைகள்தான் நினைத்தபடி விற்கவில்லை. 2018இல், பூகம்பப் பாதுகாப்பு வளாகத்தின் பொறுப்பு என்று சொல்லிக் கடனில் ஒரு பெரும்பகுதியை வளாகத்தின் பொதுக் கணக்கு தலையில் வாங்கிக்கொண்டது. லாபம் வந்தால் தனி உண்டியல், நஷ்டம் வந்தால் பொது உண்டியல்.

இங்கே சொந்த இனத்துப் பெருமை ஒன்று பேசிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். அதே வளாகத்தில் ஒரு தமிழ் இருக்கையும் இருக்கிறது. 1990களில் இந்த நாட்டுத் தமிழர்கள் கைக்காசு திரட்டி அமைத்தது. பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட் அதில் அமர்ந்து சங்க இலக்கியம் சொல்லிக்கொடுத்தார். முதலை வைத்துவிட்டு, வரும் வட்டியில் பாடம் நடத்துகிற ஏற்பாடு. பூகம்பப் பிளவின் மேல் கட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சம்பளத்தைப் பற்றிச் சொல்ல வந்து தயங்குகிறேன். 2024 ஜூலையில் பெர்க்லி சான்சலரான ரிச் லயன்ஸ் அங்கேயே படித்தவர். அவருக்கு அப்போது நிர்ணயித்த அடிப்படைச் சம்பளம் 9,46,450 டாலர். அதிகம் என்று முணுமுணுக்கிறவர்கள் அன்றைய ஃபுட்பால் பயிற்சியாளர் ஜஸ்டின் வில்காக்ஸுக்கு 2022இல் போட்ட ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். சராசரியாக வருடத்துக்கு 40 லட்சத்துக்கும் மேல். பல்கலைக்கழகத் தலைமை என்றால் யார் என்று வெளியூர்க்காரன் கேட்டால், சம்பளப் பட்டியலை மேலிருந்து படித்துக் காட்டுங்கள், போதும்.

ஆகவே, பார்வையில் கண்ட சட்டத்தின்படி வருமானம் இடம் கொடுக்கும் நாள் வந்துவிட்டது என்று அறிவிக்குமாறு கோருகிறேன். வரவில்லை, வருகிற வருமானம் வாசலைத் தாண்டுவதற்குள் விமானத்துக்கும் கடனுக்கும் ஜீவனாம்சத்துக்கும் போய்விடுகிறது என்பீர்களானால், மாற்றுக் கோரிக்கை ஒன்று உண்டு. தாங்கள் அட்லாண்டிக்கில் ஒப்புக்கொண்ட அதே நிபந்தனையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஏழு வருடம் கட்டணத்தில் 30 சதவீதம். 2024 கணக்கில் 4,331 டாலர். எட்டாம் வருடம் 70 சதவீதம், ஒன்பதாம் வருடம் 75. பத்தாவது வருடமும் ஒரு பிள்ளை அங்கேயே படித்துக்கொண்டிருந்தால் முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் தரப்பில் ஆட்சேபணை இராது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி தமிழன்.

நகல்: அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ், சார்லட், வட கரோலினா – ஒப்பந்த நகலை இத்துடன் இணைத்து அனுப்ப வேண்டி.