மழைக்குத் தரநிலை கோரி

பெறுநர்: ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, புதுதில்லி.
பொருள்: வேப்பம்பட்டில் பெய்யும் மழையைக் கைபேசித் தரநிலைக்கு உட்படுத்தக் கோருதல் தொடர்பாக.

கைபேசிப் பெட்டியில் அச்சாகும் ஐபி 67, ஐபி 68 ஆகிய குறிகள் ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தரநிலையைச் சேர்ந்தவை. 6 தூசிக்கு, அடுத்த இலக்கம் தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 அதைவிடக் கடுமையானது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளலாம். வினாத்தாளை மாணவனிடமே கொடுத்துவிடும் சிக்கனமான ஏற்பாடு இது.

சோதனைத் தொட்டியில் இருப்பது அசையாத நன்னீர். ஐப்பசி, கார்த்திகையில் வேப்பம்பட்டுத் தெருக்களில் தேங்குவதற்கு அந்த ஒழுக்கம் கிடையாது. சேறும் சாக்கடையும் உப்பும் கலந்து, 30 நிமிடக் கணக்கையும் பாராமல் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர் மாவட்டத்தில் கொட்டியபோதும் தரநிலையைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நனைந்த போன் சர்வீஸ் சென்டருக்குப் போனால் முதலில் சிம் தட்டின் துளைக்குள் டார்ச் அடிக்கப்படும். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கர் சிவந்திருந்தால் வாரண்டி முடிந்தது. விளம்பரத்தில் தண்ணீருக்கு அஞ்சாத போன், வாரண்டித் தாளில் ஈரத்துக்கே அஞ்சுகிறது. இந்த முரணுக்காக 2020இல் இத்தாலி ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. நீச்சல்குளத்திலும் கடலிலும் போனைக் காட்டி விளம்பரம் செய்த சாம்சங்குக்கு 2022இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் விதித்தது. அந்நாடுகளின் பொறுமை அவ்வளவுதான்.

உண்மையில் போனைக் கொல்வது தண்ணீர் மட்டுமல்ல. தண்ணீரில் கரைந்த உப்பின் வழியே பாயும் பேட்டரி மின்சாரம். அது செம்புத் தடங்களை அரித்துப் பச்சை பூக்க வைக்கும். ஆகவே உடனே அணைப்பதும், சார்ஜ் போடாதிருப்பதும் பாதி வைத்தியம். அரிசி மூட்டைக்குள் புதைப்பது வைத்தியமே அல்ல. தூளும் துகளும் உள்ளே போகும் என்று 2024 ஜனவரியில் ஆப்பிளே எச்சரித்தது. ரேஷன் அரிசியா பொன்னியா என்பதை மட்டும் தெளிவுபடுத்தவில்லை.

மீதி வைத்தியம் தெருமுனைக் கடையில் நடக்கிறது. பேட்டரியைக் கழற்றி, போர்டின் மேலுள்ள தகரக் கவசத்தைப் பிரித்து, ஐபிஏ எனப்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷால் தேய்ப்பார்கள். அடம்பிடிக்கும் அரிப்புக்கு அல்ட்ராசோனிக் தொட்டி. காய்ந்ததும் மல்டிமீட்டரை வைத்து எந்த லைன் ஷார்ட் என்று தேடி, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே கடுகிலும் சிறிய கெப்பாசிட்டரை ஹாட் ஏரில் எடுத்து மாற்றுவார்கள். கம்பெனி சென்டரில் பெரும்பாலும் போர்டையே மாற்றிவிடுவதால், குழந்தையின் படமும் கடன்காரரின் எண்ணும் சேர்ந்தே போய்விடும். தெருமுனைக் கடைக்கு இல்லாதது திறமையல்ல, சர்க்யூட் படமும் அசல் பாகமும். ஸ்ரீபெரும்புதூரில் கோக்கப்பட்டு அமெரிக்கா வரை போகும் போனின் படம் பக்கத்திலிருக்கும் வேப்பம்பட்டுக்கு வந்து சேர்வதில்லை.

துறை சும்மா இருக்கவில்லை. 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்குக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளன்று, இணையவாசலும் திறந்தது. நனைந்த போனில் அதைத் திறக்க முடியாது என்பது சிறு குறை.

எனவே துறையின் முன் இரு வழிகள். சர்க்யூட் படமும் அசல் பாகமும் கடைகளுக்குத் தரும்படி நிறுவனங்களைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தலாம். அல்லது வேப்பம்பட்டு மழை, சோதனைத் தொட்டி நீரைப் போலவே, அசையாமலும், உப்பின்றியும், போனின் வெப்பத்திலிருந்து 5 டிகிரிக்கு மேல் மாறுபடாமலும் பெய்ய ஆணையிடலாம். இரண்டாவதே எளிது என்று துறை கருதுமானால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் அரசிதழில் வெளியிடுவது நலம்.

நகல்: மண்டல வானிலை ஆய்வு மையம், சென்னை – தக்க நடவடிக்கைக்காக.