அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த பூனை

திருக்கடையூரில் மாலையும் கழுத்துமாக எதிரே வருகிறவர் இளம் மாப்பிள்ளையாக இருப்பது அபூர்வம். அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று பழைய தம்பதிகளுக்கு வருஷம் முழுக்கப் புதுத் தாலி ஏறுகிற ஊர். மார்க்கண்டேயனுக்காக எமனையே சிவன் உதைத்த தலம். ஆயுளைக் கூட்டிக்கொள்ள வேறெங்கே போவது? உள்ளூர்க்காரரான மாமாவுக்கு இப்போது அறுபது. சென்னையிலிருந்து அத்தையின் அண்ணன் மகன் சுந்தர் வந்து இறங்கினான். ஒரு கையில் பெட்டி, மறு கையில் கூடை, கூடைக்குள் பூனை. பிறந்ததிலிருந்து ஃபிளாட்டை விட்டு வெளியே விடாத பூனையாம்.

அத்தை: பத்திரிகையில ‘சுற்றமும் நட்பும் சூழ’ன்னுதானே போட்டோம்? பூனையும்னு எந்த அச்சாபீஸ்காரன்டா சேர்த்தான்?

சுந்தர்: பார்த்துக்க ஆளில்லைங்கத்தை. இது ரொம்ப சுத்தமான பூனை. தூங்குற நேரம் போக, தன்னைத்தானே நக்கிச் சுத்தம் பண்ணிக்கிட்டே இருக்கும்.

அத்தை: நக்குறது சுத்தமா? அப்போ பந்திப் பாத்திரத்தை எல்லாம் அதுகிட்டயே விட்டுடலாம். நாலு பேர் கூலி மிச்சம். பூனை மயிரு வயித்துக்குள்ள போனா இளைப்பு வரும்டா. மாமாவுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்குது.

சுந்தர்: வயித்துக்குள்ள போறதால இளைப்பு வராதுங்கத்தை. அது எச்சில்லயும் தோல்லயும் இருக்கிற ஒரு புரதம். நக்கும்போது முடியில ஒட்டிக் காஞ்சு, தூசாப் பறந்து மூக்குல ஏறும். அதுவும் ஒத்துக்காதவங்களுக்குத்தான். மாமா படுக்கிற அறைக்குள்ள விடாம இருந்தாப் போதும்.

அத்தை: இப்போதானே நக்குறது சுத்தம்னே? அதுக்குள்ள நக்குறதுதான் வினைங்கிறே. சரி, நான் கறுப்பு ஃபினாயில் வாங்கி வெச்சிருக்கேன். ரேழியில இருந்து கொல்லை வரைக்கும் ஊத்தித் துடைச்சா ஒரு கிருமி நிக்காது.

சுந்தர்: ஐயையோ, பூனையும் நிக்காதுங்கத்தை! ஃபினால் கலந்த எதையும் முறிக்கிற சக்தி அதோட ஈரலுக்குக் கிடையாது. அந்தத் தரையில நடக்கும், பாதத்தை நக்கும், விஷம் உள்ளே போகும். வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில என்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினாங்க.

அத்தை: அப்போ ப்ளீச்சிங் பவுடர்?

சுந்தர்: பூனை மூத்திரத்து மேல அதைப் போட்டா, அமோனியாவோட சேர்ந்து நமக்கே நெஞ்சை அடைக்கிற புகை வரும். சோப்புத் தண்ணியில கழுவிட்டு வெயில்ல காயவெச்சாப் போதும்.

அத்தை: வாசனையே வராதே! துடைச்ச வீடுன்னு வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?

(நம் ஊரில் சுத்தத்தைக் கண்டுபிடிப்பது மூக்கு. ஃபினாயில் நெடி அடித்தால் மருத்துவமனை சுத்தம், ஊதுபத்தி மணந்தால் பூஜையறை சுத்தம். வாளித் தண்ணீரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அத்தை வீட்டில் அந்த ஒரே வாளி குளியலறை வாசலில் புறப்பட்டு, கூடம் சுற்றி, அடுப்படிக்கு வந்து சேரும்போது வாய்க்கால் சேறு நிறத்தில் இருக்கும்.)

சுந்தர்: துடைக்கிற தண்ணியை அறைக்கு அறை மாத்துங்கத்தை. ஃபினாயிலை விட அதுதான் முக்கியம்.

அத்தை: எனக்குப் பாடம் அப்புறம் எடு. முதல்ல இந்த மூட்டையில என்னன்னு சொல்லு.

சுந்தர்: லிட்டருங்கத்தை. பூனை போற மண்ணு. பெண்டோனைட்டுன்னு ஒரு களிமண். நம்ம நாட்டுல குஜராத்துக் கட்ச் பக்கம் நிறைய வெட்டி எடுக்கிறாங்க. ஈரம் பட்டா உருண்டையாத் திரண்டுக்கும், கரண்டியால அப்படியே அள்ளிடலாம்.

அத்தை: களிமண்ணா? காசு குடுத்தா? ஏண்டா, தஞ்சாவூர்ச் சீமைக்குக் கட்சுல இருந்து களிமண் சுமந்துட்டு வந்த முதல் ஆளு நீதான். நடவு வயல்ல இறங்கினா முழங்கால் வரைக்கும் இலவசமாப் பூசி அனுப்புவோமே!

சுந்தர்: இதுக்குச் சரித்திரமே இருக்குங்கத்தை. 1947ல அமெரிக்காவுல மிச்சிகன்ல எட்வர்ட் லோன்னு ஒருத்தர். பக்கத்து வீட்டம்மா பூனைக்குச் சாம்பலைப் போட்டு, அது மிதிச்சு வீடெல்லாம் கறுப்புக் கால் தடம். இவர் சிந்தின எண்ணெயை உறிஞ்ச வெச்சிருந்த களிமண்ணைக் குடுத்தார். அப்புறம் அதையே பையில கட்டி வித்துக் கோடீஸ்வரர் ஆயிட்டார்.

அத்தை: நமக்குச் சுதந்திரம் கிடைச்ச வருஷம் அவங்களுக்குக் களிமண் கிடைச்சிருக்கு. மில்லுல உமி மலையாக் கிடக்கே, அதைப் போடேன்?

சுந்தர்: உமி ஈரத்தை இழுக்காது. காத்தடிச்சா கூடம் முழுக்கப் பறக்கும். ஆத்து மணல் நல்லா இருக்கும்.

அத்தை: ஆத்து மணலா? காவிரியில அது லாரிக்குத்தான் கிடைக்கும், பூனைக்குக் கிடைக்காது. ஆசாரி பட்டறையில மரத்தூள் வாங்கிக்க. அது இருக்கட்டும், நம்ம வசந்தி ஆறு மாசமா முழுகாம இருக்காளே! மசக்கைக்காரி இருக்கிற வீட்டுல பூனை இருந்தா சிசுவுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன சொல்றே?

சுந்தர்: இது நியாயமான பயங்கத்தை. டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு கிருமி. கர்ப்பமா இருக்கும்போது புதுசாத் தொத்தினா சிசுவோட கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். ஆனா பூனையைத் தொட்டதுமே ஒட்டிக்காது. எலியோ பச்சைக் கறியோ தின்னாத்தான் பெரும்பாலும் பூனைக்கே வரும். வந்தாலும் ஒண்ணு ரெண்டு வாரம்தான் பீயில வெளியேறும். போன உடனே தொத்தவும் தொத்தாது, பக்குவமாக ஒரு நாளாவது ஆகணும். சிலது அஞ்சு நாள் எடுத்துக்கும். அதனால தினம் தினம் அள்ளிட்டா பயமில்லை. வசந்தி மட்டும் பெட்டியைத் தொட வேண்டாம்.

அத்தை: அப்போ சென்னையில நீ தினமும் அள்ளுறியா?

சுந்தர்: அது வந்து... ஆபீஸ் நாள்ல முடியாதுங்கத்தை. ஞாயித்துக்கிழமை மொத்தமா அள்ளிடுவேன். நடுவுல லாவெண்டர் வாசனைத் தூள் தூவிடுவேன்.

அத்தை: அடப்பாவி! என் கறுப்பு ஃபினாயிலுக்கு அத்தனை குறை சொன்னியே, இது என்ன, வெள்ளை ஃபினாயிலா?

சுந்தர்: என் பூனை எலியே பார்த்ததில்லைங்கத்தை. நீங்க பயப்பட வேண்டியது கொல்லையைப் பார்த்து. ஊர்ப் பூனையெல்லாம் எலியைத் தின்னுட்டு எங்கே போகுது? பொலபொலன்னு கொத்தி விட்ட உங்க கீரைப் பாத்தியிலதான். அந்தக் கிருமி ஈர மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும். அந்தப் பாத்தியில கிள்ளின முளைக்கீரையைத்தானே பிள்ளைக்கு நல்லதுன்னு வசந்திக்கு ஆக்கிப் போடுறீங்க?

அத்தை: (சற்று நேரம் கொல்லைப் பக்கம் பார்த்துவிட்டு) நல்லாத்தான் அலசுறேன்.

சுந்தர்: ஒரு தண்ணியா, மூணு தண்ணியா?

அத்தை: ...சரி, அதை விடு. அங்கே பாரு, உன் சுத்தக்காரி அடுப்பு மேடையில ஏறிட்டா! பால் குண்டான்கிட்ட!

சுந்தர்: கோவிச்சுக்காதீங்கத்தை. நம்ம தேரழுந்தூர்க் கம்பரே, ராமாயணம் பாட வந்த தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனைன்னுதானே சொல்லிக்கிட்டாரு? அதே பாற்கடல்ல கடைஞ்ச அமுத கலசம்தான் இங்கே லிங்கமா நின்னுச்சுன்னு நீங்களே சொல்வீங்க. ஊருக்கும் பூனைக்கும் சம்பந்தம் இல்லாம இல்லை.

அத்தை: கம்பர் பேசின பூனை பாற்கடலைத்தான் தேடிப் போச்சு, என் குண்டானுக்கு வரலை. அதோட அது மூத்திரம் போன பெட்டியில நடந்த காலோட வரலையே? நீ அள்ளுற கரண்டியை அடுப்பு மேடையில வைப்பியா? அந்தக் கரண்டி நாலு கால் முளைச்சு நடந்து வந்தா மட்டும் கொஞ்சுறியே!

(சுந்தரிடம் இதற்குப் பதில் இல்லை. வீட்டுப் பூனை வளர்க்கிற யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. பூனையைத் தூக்கக் கை நீட்டினான், அது கீறியது.)

அத்தை: ரத்தம் வருது பாரு. இரு, சுண்ணாம்பு எடுத்துட்டு வரேன்.

சுந்தர்: சுண்ணாம்பு கூடாதுங்கத்தை. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவணும். இதுக்கு வெறிநோய் ஊசி போட்டிருக்கு. இருந்தாலும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். ஊர்ப் பூனைன்னா யோசிக்கவே வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்.

அத்தை: கஜ பூஜை உண்டு, கோ பூஜை உண்டு, நம்ம வீட்டுல மார்ச்சால பூஜையும் ஆரம்பிச்சாச்சு. கேட்டுக்கோ. பெட்டி கொல்லைத் தாழ்வாரத்துல இருக்கும். காலையில ஒரு தடவை, விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, நீதான் அள்ளணும். அள்ளினதைக் காகிதத்துல சுருட்டிக் குப்பையில போடு. கழிப்பறையில கொட்டினே, உன் கட்சுக் களிமண் ஊறி உப்பிக் குழாயை அடைச்சுக்கும், அறுபதாம் கல்யாண வீட்டுல அம்பது பேர் வரிசையில நிப்பாங்க. மேடையில பூனை ஏறினா பூனைக்குப் பால் கிடையாது, உனக்குக் காப்பி கிடையாது.

சுந்தர்: ஃபினாயில்?

அத்தை: கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துடறேன். கீரைப் பாத்திக்குச் சுத்தி வலை கட்டணும், சாயங்காலம் மாமாவோட போய் நீயே வாங்கிட்டு வா. அதுவரைக்கும் வசந்திக்குக் கீரை கிடையாது, அவரைக்காய்ப் பொரியல்தான்.