இடிக்கும் முன் கேளுங்கள்

கேள்வி: எங்கள் வட்டாரத்துப் பழைய சமூக மன்றத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்களாம். வரைபடம் தயாராகும் முன் நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: உங்களைக் கேட்டார்களா என்று முதலில் கேளுங்கள்! தெம்பனிஸில் பழைய விளையாட்டரங்கம் இருந்த இடத்தில் புதிய நடுவம் எழும்புமுன் 15,000-க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள். 2017-ல் திறந்தபோது நூலகம், நீச்சல் குளங்கள், உணவங்காடி, காற்பந்துத் திடல் எல்லாம் ஒரே வளாகத்தில். நீந்தப் போன பிள்ளை கையில் புத்தகத்தோடு வீடு திரும்பலாம். எந்த அம்மாவுக்குக் கசக்கும்?

அடுத்து, கட்டி முடியும்வரை மாற்றிடம் எங்கே? நான் இதைத்தான் அழுத்திக் கேட்பேன். காலையில் உடற்பயிற்சிக்கும் மாலையில் கேரம் ஆடவும் வருகிற தாத்தா பாட்டிகளை இரண்டு மூன்று ஆண்டுகள் வீட்டில் உட்கார வைத்துவிட்டால், ரிப்பன் வெட்டிய மறுநாள் அவர்கள் ஓடி வந்துவிட மாட்டார்கள். முழங்காலும் காத்திருக்காது, பழக்கமும் காத்திருக்காது.

பராமரிப்புச் செலவையும் விசாரியுங்கள். கட்டடத்துக்குக் காசு ஒருமுறை, குளத்து நீருக்குத் தினமும்.

இன்னொன்று: இப்போது மன்றத்துக்கு வராதவர்களையும் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். ஏன் வரவில்லை என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும்.