ரப்பர் களவும் பென்சில் கற்பும்: ஓர் அகத்திணை ஆய்வு

ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே வரும் அன்பைத் தொல்காப்பியர் ஏழு திணையாகப் பகுத்து வைத்துவிட்டார். படம் வரைகிறவருக்கும் பென்சிலுக்கும் இடையே வருவதை ஏனோ தொடவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஓலையும் எழுத்தாணியும் புழங்கிய காலம். எழுத்தாணி சீவச் சீவக் குறையாது. ஓலையில் கீறியதை ரப்பர் வைத்து அழிக்கவும் முடியாது. தேய்வதும் தொலைவதும் இல்லாத இடத்தில் பிரிவு எங்கிருந்து வரும்? பிரிவு இல்லாமல் அகத்திணைதான் எங்கிருந்து வரும்? இலக்கணத்தில் இப்படி விழுந்துவிட்ட ஓட்டையை அடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் துணிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பென்சிலோடு நாம் வாழ்வது கற்பு. ரப்பரோடு வாழ்வது களவு. நல்ல தாளின் மேல் வைப்பது கைக்கிளை, அதாவது ஒருதலைக் காமம். பெருந்திணையும் உண்டு. அது ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் நடக்கிறது. குழந்தைகள் தூங்கிய பிறகு சொல்கிறேன். (கற்பு என்றால் இலக்கணத்தில் ஊரறிய நடத்தும் இல்வாழ்க்கை. பட்டிமன்றத்தில் அடிபடும் பொருளை இங்கே கொண்டுவர வேண்டாம்.)

ஆய்வுக் களம், எங்கள் வீட்டு அலமாரி மேல்தட்டில் இருக்கும் பழைய பிஸ்கட் டின். ஆய்வுக்கு உட்பட்டோர் நான், மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள். மாதிரி போதாது என்று புள்ளியியல்காரர் யாராவது மூக்கைச் சுளித்தால், அவர் வீட்டு டின்னையும் கொடுத்தனுப்பட்டும், சேர்த்துக்கொள்கிறேன். டின்னைப் பாயில் கொட்டி எண்ணியதில் முழுப் பென்சில் 11, குட்டைப் பென்சில் 9, ரப்பருக்குச் சுற்றி வரும் காகித உறை 3, ரப்பர் 0.

இனி, முதல் நூற்பா.

குறுகக் குறுக நெருங்குவது பென்சில்.

இது என் நுதலிற்றோ எனின், பென்சிலின் மேல் உள்ள பிரியம் அதன் நீளத்துக்கு எதிர் விகிதத்தில் வளரும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. புதுப் பென்சில் புது மாப்பிள்ளை மாதிரி. விறைப்பாக நிற்கும், பளபளக்கும், மனசில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பாதி தேய்ந்த பிறகுதான் விரலுக்குப் பழகும். கட்டைவிரல் நீளத்துக்கு வந்ததும் அதைத் தூக்கிப்போட மனசு வராமல், மை தீர்ந்த பேனாவின் மூடியில் செருகி, ஊன்றுகோல் கொடுத்த கிழவரைப் போல நடத்திக் கூட்டிப்போவோம். டின்னில் இருந்த 9 குட்டைகளில் 4 இப்படி மூடி போட்டவை. முழுசாகக் கிடந்த 11இல் ஒன்றைக்கூட யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. குட்டைகளை மட்டும் மூன்று பேரும் ‘இது என்னுது’ என்றோம், சில நேரம் ஒரே குட்டையை.

தலைவன் குடிப்பிறப்பு சொல்லாமல் அகம் பாட முடியாது. 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடமேற்கில் பாரோடேல் என்ற இடத்தில் கரிய கட்டியாகக் கிராஃபைட் கிடைத்தது. அதை வைத்து அந்த ஊர்க்காரர்கள் ஆடுகளுக்கு அடையாளம் போட்டார்கள். ஆக, பென்சிலின் முதல் தாள் செம்மறியாட்டு முதுகு. பிறகு பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கும் அது உதவும் என்று தெரிந்ததும் விலை ஏறியது. விலை ஏறியதும் திருட்டு வந்தது. 1752இல் அதைத் திருடுவதைப் பெருங்குற்றமாக்கி நாடாளுமன்றமே சட்டம் போட்டது. ஏதோ ஒருவகை ஈயம் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1779இல் ஷீலே என்ற வேதியியலார் அது கரி என்று காட்டினார். காட்டி என்ன, ஆங்கிலத்தில் இன்றும் பென்சில் முனைக்கு ‘லெட்’ என்றுதான் பேர்.

1790களில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது. பாரோடேல் சரக்கு நின்றுபோனது. நிக்கோலா ஜாக் காந்தே என்பவர் கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் பிசைந்து, குச்சியாக்கி, சூளையில் சுட்டு, 1795இல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் அதே முறைதான். களிமண் கூடினால் முனை கெட்டி, கோடு வெளிறும், அது ஹெச். கிராஃபைட் கூடினால் முனை மெத்து, கோடு கருக்கும், அது பி. அந்தக் கணக்கில் பென்சில் செய்வது பாதிக்குப் பாதி குயவர் வேலை. நம்மூர்ப் பென்சிலுக்கு மரம் பெரும்பாலும் காஷ்மீரின் புல்வாமா மாவட்டத்துப் பாப்ளர். மரத்துக்கும் மண்ணுக்கும் நடந்த கலப்புத் திருமணம் என்று எழுத ஆசைதான். ஆய்வு நெறி தடுக்கிறது.

என் பள்ளிக்காலத்தில் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது, நடராஜ் கட்சி, அப்சரா கட்சி. சிவப்புக் கறுப்புப் பட்டை போட்ட நடராஜ்தான் உறுதி என்று நாங்கள். அப்சராதான் கருப்பு என்று அவர்கள். இடைவேளையில் முனை ஒடிக்கும் போட்டி, சட்டைப் பையில் கிழிசல், இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத நண்பன். நாற்பது வயதில் தெரிகிறது, இரண்டும் 1958இல் தொடங்கிய இந்துஸ்தான் பென்சில்ஸ் என்ற ஒரே கம்பெனியின் பிள்ளைகள். அந்த நண்பனின் தொலைபேசி எண் இப்போது என்னிடம் இல்லை.

கற்பு என்றால் மருதத்திணையும் வரத்தான் செய்யும். பரத்தையின் பெயர் மைக்ரோ டிப் பென்சில். சீவ வேண்டாம், குப்பை இல்லை, எப்போதும் 0.5 மில்லிமீட்டர் இடுப்பு. எட்டாம் வகுப்பில் அவளோடு போனவர்கள் எத்தனையோ பேர். நிழல் போடச் சாய்த்துப் பிடித்தால் சாய மாட்டாள், அழுத்தினால் ‘டிக்’கென்று உடைவாள். ஒரு மாதத்தில் தலைகுனிந்து வீடு திரும்பினால், பழைய மரப் பென்சில் ஊடிக்கொண்டு இரண்டு தடவை முனை முறித்துவிட்டுத்தான் வழிக்கு வரும்.

தரம் பற்றி ஒரு வார்த்தை. ஓவியம் கற்கத் தொடங்கியவர் முதலில் செய்வது பத்துப் பென்சில் அடங்கிய செட்டு வாங்குவது. அதில் தேய்வது 2பியும் 4பியும்தான். மற்ற எட்டும் கல்யாண வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் தூரத்துச் சொந்தம். ஒரு கம்பெனியின் 2பி இன்னொரு கம்பெனியின் 2பி அளவுக்குக் கருப்பாக இருக்க வேண்டும் என்று கட்டாயமும் கிடையாது. இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். “எல்லாம் பென்சில்தான் சார்” என்றார். அவரும் ஒரு ஆசிரியரே; மறுதலைக் கொள்கையர்.

ரப்பருக்கு வருவோம். ரப்பர் தேய்ந்து தீர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. தொலையும், அவ்வளவுதான். ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர் என்றால் அன்று மாலைக்குள் உடன்போக்கு. பால்பாயிண்ட் பேனாவால் பேர் எழுதிப் பார்ப்போம். அந்தப் பேரை இன்னொரு ரப்பர் அழித்துவிடும். காம்பஸால் துளை போட்டு, நூல் கோத்து, பிள்ளையின் கழுத்திலேயே கட்டிவிட்ட தாய்மார்களை எனக்குத் தெரியும். கழுத்தில் கயிறு ஏறிய பிறகும் ரப்பர் நிற்கவில்லை. மாலையில் கயிறு மட்டும் வீடு திரும்பும், செவிலித்தாய் “எங்கடி ரப்பர்?” என்பாள், தலைவி பதில் சொல்லாமல் கால் விரலால் தரையில் கோடு கிழிப்பாள், வகுப்பு முழுக்க அலர்.

இதற்கு நிரந்தரத் தீர்வாக 1858இல் ஹைமன் லிப்மன் என்ற அமெரிக்கர் பென்சிலின் ஒரு நுனியிலேயே ரப்பரைப் பதித்துக் காப்புரிமை பெற்றார். பென்சிலும் ரப்பரும் ஒரே வீட்டில்! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1875இல் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே இருந்த இரண்டு பொருளைச் சேர்த்து வைப்பது புதுக் கண்டுபிடிப்பாகாது, இது தன் வேலையையும் அது தன் வேலையையும் தனித்தனியாகவே செய்கின்றன என்றார்கள் நீதிபதிகள். எத்தனையோ இல்லறங்களுக்குப் பொருந்தும் தீர்ப்பு.

ரப்பரின் பிறப்புப் பற்றி இரு கொள்கை உண்டு. மேலைநாட்டார் கொள்கைப்படி, ஆக்சிஜனைக் கண்ட அதே ஜோசப் பிரீஸ்ட்லி 1770இல் தம் நூலொன்றில், பென்சில் கோட்டைத் துடைத்தெடுக்கும் பொருள் ஒன்று லண்டனில் நெய்ர்ன் கடையில் கிடைக்கிறது, அரை அங்குலக் கட்டி மூன்று ஷில்லிங் என்று எழுதினார். தேய்ப்பதற்கு உதவியதால் ஆங்கிலத்தில் அதற்கு ‘ரப்பர்’ என்று பேர் வந்தது. அதற்கு முன்பு ரொட்டித் துணுக்கால் அழித்தார்களாம்.

கீழைநாட்டார் கொள்கை வேறு. பென்சில் சீவலைப் பாலில் ஊறவைத்தால் ரப்பர் ஆகும் என்பது அது. தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்க்காத குழந்தை அரிது. நோட்டுக்குள் மயிலிறகு குட்டி போடும் என்ற கொள்கைக்கு இது உடன்பிறப்பு. அரை டம்ளர் பால், ஒரு கைப்பிடிச் சீவல், மாடிப்படிக்கு அடியில் மூன்று நாள் வைத்தேன். நான்காம் நாள் விளைந்தது நாற்றமும் அம்மாவும். ஆனாலும் இக்கொள்கையை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். அழிப்பது வரைவதன் பிள்ளை என்று இரண்டாம் வகுப்பிலேயே நமக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். ரொட்டிக் கொள்கையையும் சென்ற வாரம் சோதித்தேன். பன் ஓரளவு அழித்தது. இட்லி தாளை நனைத்தது. எச்சில் தொட்டு அழித்ததில் கோடு போகவில்லை, தாள் போயிற்று.

தாள்தான் என் வீழ்ச்சி. தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்பார்கள், ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்று அர்த்தம். ஜெராக்ஸ் கடையில் புழங்கும் 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம், அரைப் பவுனைவிடச் சற்றுக் கனம். கரூர் மாவட்டம் காகிதபுரத்து ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து செய்த தாள் என்றால், மிச்சமிருக்கும் இனிப்பு நம் கோட்டில்தான் வர வேண்டும். ஓவியர்கள் தாளுக்கு ‘பல்’ உண்டு என்பார்கள். மேற்பரப்பில் கண்ணுக்கு எளிதில் தெரியாத சொரசொரப்பு. அதுதான் கிராஃபைட்டைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான தாள் பொக்கை வாய், எதுவும் நிற்காது. படம் வரையும் ‘கார்ட்ரிஜ்’ தாள் ஆதியில் துப்பாக்கித் தோட்டாவுக்கு மருந்து பொதியும் தாளாக இருந்தது. வெற்றுத் தாளைக் கண்டால் வரும் நடுக்கத்துக்கு இதைக் காரணமாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான்கு வருஷத்துக்கு முன் 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாள் நோட்டு ஒன்று வாங்கினேன். மனைவி இதைப் படிக்கக்கூடும் என்பதால் விலையைத் தரவில்லை. முகர்ந்து பார்த்திருக்கிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பல் பார்த்திருக்கிறேன். வந்தவர்களிடம் கை கழுவிவிட்டுத் தொடச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கம் நன்றாக அமைய வேண்டுமே என்று தள்ளித் தள்ளி, இன்றுவரை அதில் வரைந்திருப்பது ஒரே ஒரு பிள்ளையார் சுழி. அதுவும் மேல் ஓரத்தில், 2ஹெச்சில், அழிக்கத் தோதாக. தாள் என்னைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கைக்கிளைக்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

மகள் வரைவது கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பின்பக்கத்தில். முகூர்த்தம் முடிந்த மறுநாளே அது எங்கள் வீட்டில் வரைதாளாகிவிடும். கெட்டி அட்டை, காசில்லை, பயமில்லை, பென்சில் வழுக்கினாலும் அவளுக்குக் கவலையில்லை. பேனா மூடி போட்ட குட்டைப் பென்சிலால் நேற்று ஒரு பூனை போட்டாள். ஐந்து கால். ஒன்று தப்பு என்று கண்டுபிடித்து ரப்பர் தேடினாள். அந்தத் தேடலில்தான் பெருந்திணை அகப்பட்டது.

பெருந்திணை பொருந்தாக் காமம். இன்றைய வெள்ளை ரப்பர் பல ரப்பரே அல்ல, வினைல் என்னும் பிளாஸ்டிக். அதை மெதுவாக வைத்திருக்க ஒரு நெகிழ்வுப் பொருள் கலக்கிறார்கள். பக்கத்தில் வேறு பிளாஸ்டிக் கிடந்தால் அந்தப் பொருள் மெல்லக் கசிந்து அதற்குள் போய் அதையும் இளக்கிவிடும். ரப்பருக்குக் காகித உறை போட்டு விற்பது இந்தக் கூடாவொழுக்கத்தைத் தடுக்கத்தான். நாம் முதல் நாளே உறையை உருவி எறிகிறோம். மகளின் ஜியாமெட்ரி பாக்ஸின் அடியில், கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடந்த இருட்டில், உறையில்லாத ரப்பர் ஒன்று ஸ்கேலோடு ஒட்டி உருகிக் கிடந்தது. பிய்த்துப் பார்த்தோம். 7க்கும் 9க்கும் இடையில் எண்கள் இல்லை. எங்கள் வீட்டில் இனி 8 சென்டிமீட்டர் கோடு போட முடியாது.

டின் கணக்கைத் திருத்தி எழுத வேண்டி வந்தது. இதை ரப்பர் 1 என்று காட்டுவதா, ஸ்கேல் 1 என்று காட்டுவதா என்று குழம்பி மகளையே கேட்டேன்.

“ரெண்டுமே போட முடியாதுப்பா” என்றாள். “ரப்பர் நம்மளுது இல்ல. பக்கத்து பெஞ்ச் பொண்ணோடது.”

பூனைக்கு அந்த ஐந்தாவது கால் அப்படியே இருக்கிறது.