பக்கெட் பிடிக்கத் தெரியாத அப்பா

என் மகளுக்கு 'சைக்ளிக் வாமிட்டிங் சிண்ட்ரோம்'. ஓடியாடி விளையாடுகிற பிள்ளை, திடீரென்று ஒரு விடியற்காலையில் வெளுத்த முகத்தோடு எழுந்து உட்காருவாள். அப்புறம் வயிற்றில் ஒன்றுமில்லாமல் போன பிறகும் குமட்டிக்கொண்டே இருப்பாள். ஓரிரு நாளில் சட்டென்று நின்றுவிடும். "அப்பா, தோசை" என்பாள். அடுத்த சுற்று வரை ஒரு குறையும் இருக்காது.

லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி 1882-லேயே எழுதிவிட்டார். அது என் காதுக்கு எட்டவில்லை; எதிர்வீட்டுப் பாட்டி "தொக்கம், சாப்பிட்டது உள்ளே சிக்கியிருக்கு" என்றதுதான் எட்டியது. தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவரும் ஒரு பருக்கையை எடுத்துக் காட்டினார். அன்றே வாந்தி நின்றது. அவர் கைராசியைத் தெருவெல்லாம் பரப்பினேன். அடுத்த முறை குடலேற்றம் என்று வயிற்றை நீவினோம், அதற்கடுத்த முறை மிளகாய் சுற்றிப் போட்டோம். எல்லாமே பலித்தது. தானாக நிற்கிற வியாதிக்கு யார் வைத்தியம் பார்த்தாலும் பலிக்கத்தானே செய்யும்!

கடைசியில் டாக்டர்தான் சொன்னார், இது ஒற்றைத் தலைவலிக்குத் தங்கச்சி முறை என்று. "உங்க வீட்டுல யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா?" என்றார். நான் மனைவியைக் காட்டினேன். "உங்கம்மாவுக்கும் உண்டே" என்றாள் அவள்.

சளி, காய்ச்சல், தூக்கக் குறைவு, வெறும் வயிறு, பரீட்சைப் பயம் எல்லாம் இதைக் கிளப்பிவிடும். அளவுக்கு மீறிய சந்தோஷமும்கூட. இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்த நான்தான், கொடைக்கானல் போகிறோம் என்று நாள் கணக்கில் தண்டோரா போட்டேன். கிளம்ப வேண்டிய விடியலில் பக்கெட்டும் துண்டுமாக உட்கார்ந்திருந்தோம்.

வந்துவிட்டால் வேண்டியது இருட்டு, அமைதி, தேவைப்பட்டால் ட்ரிப்ஸ். நான் என்ன செய்தேன்? லைட்டைப் போட்டு, "ஒரே ஒரு வாய், கண்ணு" என்று ஓ.ஆர்.எஸ். டம்ளரை நீட்டினேன். பேசத் தெம்பில்லாமல் அவள் விரலை மட்டும் தூக்கி ஸ்விட்சைக் காட்டினாள்.

நல்ல நாளிலும் விடுவதில்லை. பள்ளி விட்டு வந்ததும் "வயிறு எப்படி இருக்கு?" என்பேன். ஒருநாள் சொன்னாள்: "நீ கேட்டாத்தாம்ப்பா எனக்கு அது ஞாபகமே வருது."

அவள் தன் பாட்டுக்குப் பையில் பிளாஸ்டிக் கவரும் கைத்துண்டும் வைத்துக்கொள்கிறாள். பக்கத்து பெஞ்சு தோழியிடம் விஷயத்தைச் சொல்லி வைத்திருக்கிறாள். வாந்தியை அவள் பெரிதாகச் சொல்வதில்லை. ஆண்டு விழா நடனத்திலிருந்து பெயரை எடுத்ததைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வளர வளரப் பல பிள்ளைகளுக்கு இது விட்டுப்போகும். சிலருக்கு ஒற்றைத் தலைவலியாக மாறும். அதுவரை, என்ன மருந்து, என்ன ட்ரிப்ஸ் என்று டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசர சிகிச்சையில் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது. வாந்தி பச்சையாக வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தொக்கம் எடுப்பவர் பக்கம் போகவே வேண்டாம். பருக்கை அவர் கையிலேயே இருக்கிறது.