மாமனார் கட்சியும் சின்ன மாமனார் கட்சியும்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முட்டுவலி குறைந்ததா?

போன வாரம் போனில், நெல் பால் பிடிக்கிற நேரம் பார்த்துப் பன்றிக் கூட்டம் இறங்கி வயலை நாசமாக்கிவிட்டது, விடிய விடியப் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டுகிறோம் என்றீர்கள். இங்கேயும் அதே பன்றிதான் மாமா. மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, ஊர்ப் பையன்கள் பந்து விளையாடுகிற புல்தரை, எதையும் விடுவதில்லை. ஆனால் ஜெர்மனியில் தகரம் தட்டுகிறவனுக்கு மதிப்பில்லை. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு பரண் ஏறினால்தான் அவன் மாப்பிள்ளை.

ஏறத்தான் வேண்டும் என்று இங்கே இருக்கும் என் மாமனார் முடிவு கட்டிவிட்டார். சட்டம், காட்டு மிருகம், நாய், இறைச்சிச் சுத்தம், துப்பாக்கி என்று பரீட்சையில் கேட்டார்கள்; பாஸ் செய்துவிட்டேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தால், அடுத்த கேள்வியில் குடும்பமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா?

மாமனார் 9.3×62 கட்சி. ஓட்டோ போக் என்ற பெர்லின் துப்பாக்கிக்காரர் 1905-ல் உருவாக்கியது. ஆப்பிரிக்காவுக்குக் குடியேறப் போன ஜெர்மானியர்கள் கையோடு கொண்டுபோன தோட்டா. குண்டு மட்டும் 18 கிராமுக்கு மேல். யானை உலாவும் ஊருக்கென்று செய்ததை இங்கே பன்றிக்கு எதற்கு என்று கேட்டேன். "விழுந்தால் எழுந்திருக்கக் கூடாது" என்றார். அவர் தம்பி, என் சின்ன மாமனார், .308 வின்செஸ்டர் கட்சி. 1952-ல் வந்தது, உதை குறைவு, தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். எதிர்வீட்டுக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம். வேகம்தான் எல்லாம் என்பார். அண்ணனும் தம்பியும் இதைப் பேச ஆரம்பித்தால் கிறிஸ்துமஸ் வாத்து தட்டிலேயே ஆறிப்போகும்.

சட்டமாவது தீர்ப்புச் சொல்லும் என்று பார்த்தேன். பன்றிக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டம், 100 மீட்டரில் 2000 ஜூல் சக்தி. அவ்வளவுதான். எல்லாக் கட்சியும் பாஸ்.

விரட்டு வேட்டை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் இந்தச் சண்டை உங்களுக்குப் புரியும். இலையுதிர் காலத்திலும் குளிர் மாதங்களிலும், காட்டைச் சுற்றி ஆளுக்கொரு தாழ்வான பரணில் உட்கார வைப்பார்கள். ஒரு கூட்டம் நாய்களோடு உள்ளே புகுந்து கத்திக்கொண்டு வரும். நாய்களுக்கும் ஆரஞ்சுச் சட்டை. பன்றியின் தந்தம் கிழிக்காமலிருக்கத் தடித்த துணியில் தைத்தது. காலையில் வேட்டைத் தலைவர் சொல்வதுதான் வேதம்: குட்டியைச் சுடலாம், ஒரு வயதுப் பன்றியைச் சுடலாம், குட்டிகளை நடத்திப்போகிற தாய்ப்பன்றியைத் தொட்டால் சட்டப்படிக் குற்றம். குண்டு பன்றியைத் தாண்டிப் போனாலும் மண்ணில் புதைய வேண்டும். புதர் மண் ஆகாது, மரமும் மண் ஆகாது. ஊதல் கேட்கும்வரை பரணைவிட்டு இறங்கக் கூடாது, மூத்திரம் முட்டினாலும்.

பன்றி நின்று போஸ் கொடுக்காது. ஐம்பது மீட்டருக்குள், இரண்டு மரங்களுக்கு நடுவே, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பாயும். நான் எஞ்சினியர் அல்லவா, சாப்பாட்டு மேஜையிலேயே கணக்குப் போட்டேன். மாமனாரின் கனத்த குண்டு விநாடிக்குச் சுமார் 700 மீட்டர் போகிறது. ஐம்பது மீட்டரைக் கடப்பதற்குள் பன்றி 70 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எதிர்வீட்டு மேக்னம் சுமார் 900 மீட்டர். அதற்குள் பன்றி நகர்வது 55 சென்டிமீட்டர். வித்தியாசம் 15. ஒரு சாண்கூட இல்லை. இந்த ஒரு சாணுக்காகத்தான் இத்தனை சண்டையும். எந்தத் தோட்டாவானாலும் பன்றியோடு சேர்த்துக் குழலை வீசிக்கொண்டே, மூக்குக்கு முன்னால் சுட வேண்டும். சுட்ட பிறகும் வீச்சை நிறுத்தக் கூடாது. பழக்கமில்லாதவன் எதைச் சுட்டாலும் வாலுக்குப் பின்னால்தான்.

பழகுவதற்கென்றே இங்கே ஒரு சினிமாக் கொட்டகை இருக்கிறது மாமா. திரையில் பன்றி ஓடும். நாம் நிஜத் தோட்டாவால் திரையைச் சுட வேண்டும். வெடித்ததும் படம் அப்படியே நின்று, குண்டு பட்ட இடத்தைக் காட்டும். மாமனார் தம் 9.3-ஐ எனக்குக் காட்டுவதற்காக அங்கே கூட்டிப்போனார்; சின்ன மாமனாரும் கூட வந்தார். பயிற்சி கொடுப்பவர் குறும்புக்காரர். மாமனாருக்குத் தெரியாமல் மருந்தில்லாத தோட்டா ஒன்றை நடுவில் சொருகிவிட்டார். மாமனார் குறிபார்த்து விசையை இழுத்தார். டொக் என்றது, வெடிக்கவில்லை. ஆனால் குழல்முனை தரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது, மாமனாரின் இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. நாற்பது வருஷ உதை உடம்பில் ஏறியிருக்கிறது. வெடிக்கு முன்பே தோள் பயந்துகொள்கிறது. சின்ன மாமனார் சிரித்த சிரிப்பில் காது மூடியைக் கழற்றிவிட்டார்.

அங்கேயே எனக்கு ஒரு முடிவு வந்துவிட்டது: தோள் பயப்படாத தோட்டா எதுவோ அதுதான்.

துப்பாக்கி எது என்பதில் எனக்குக் குழப்பம் அதிகமில்லை. இரட்டைக் குழல் ரைஃபிள் அழகு. விலை கேட்டதோடு சரி. தானாகத் தோட்டா ஏறும் ரைஃபிளில் மொத்தம் மூன்று தோட்டாதான் போடலாம் என்கிறது சட்டம். பழைய மௌசர் ரகத்தில் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். அதற்குள் பன்றி அடுத்த ஜில்லா. நேரிழுப்பு ரகத்தில் சைக்கிள் பம்பு அடிப்பது மாதிரி பின்னுக்கு ஓர் இழுப்பு, முன்னுக்கு ஒரு தள்ளு. குறியிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம். சிலவற்றில் கட்டைவிரலால் ஒரு பொத்தானை முன்னே தள்ளினால்தான் ஸ்பிரிங்கே ஏறும். பரணேறும்போது கால் வழுக்கினாலும் பயமில்லை. எந்தக் கம்பெனி, பிளேஸரா, மௌசரா, ஸாவரா என்று அடித்துக்கொள்கிறார்கள். மூன்றும் இஸ்னி என்கிற ஒரே சிறு நகரத்திலிருந்துதான் வருகின்றன.

தொலைநோக்கியில் நான் கஞ்சன். ஒன்று முதல் ஆறு மடங்கு வரை பெருக்கினால் போதும். ஒன்றில் வைத்தால் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு சுடலாம். பன்னிரண்டு மடங்கில் பார்த்தால் பன்றி தெரியாது, மயிர்தான் தெரியும்.

கடைசியில் துப்பாக்கிக் கடையில் செகண்ட்ஹேண்டாக ஒரு நேரிழுப்பு ரைஃபிள், என் தோள் பயப்படாத .30-06. ஆறடி ஆளுக்குச் செய்த கட்டை, என் தோளுக்கு நீளம். மரத்தில் இரண்டு சென்டிமீட்டர் அறுத்து ரப்பர் வைத்துத் தந்தார்கள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு தூக்கித் தோளில் வைத்துத் திறந்தால், குறி நேராக நிற்கிறது. வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? "1906-ஆம் வருஷ அமெரிக்கப் பட்டாளத் தோட்டாவா!" என்று மாமனாரும் சின்ன மாமனாரும் முதல்முறையாக ஒரே கட்சி ஆகிவிட்டார்கள். .308-உம் அமெரிக்காதானே என்றேன். சின்ன மாமனார் உப்பைக் கேட்டார்.

துப்பாக்கியை வைக்க ஓர் இரும்புப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. நாலு பேர் தூக்கி மாடியேற்றினார்கள். அதன் பூட்டு எண் மனைவிக்குக்கூடத் தெரியக் கூடாது, சட்டம் அப்படி. அவளிடமிருந்து எனக்கு இருக்கும் ஒரே ரகசியம் அதுதான். அதையும் அரசாங்கம்தான் கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது.

நவம்பரில் ஹெஸ்ஸன் பக்கத்து ஸ்பெஸ்ஸார்ட் காட்டில் என் முதல் வேட்டை. பன்றி விழுந்தால், தசையில் ஒரு துண்டு எடுத்துப் புழு இருக்கிறதா என்று பரிசோதனைக்கு அனுப்பி, தாள் வந்த பிறகுதான் சட்டியில் ஏற்ற முடியும். அதற்குள் அத்தையிடம் மிளகு வறுவல் பக்குவம் கேட்டு எழுதுங்கள். கொஞ்சம் வறுத்து அரைத்த பொடியும் பார்சலில் அனுப்பினால் நல்லது. எந்த மிருகத்துக்கு என்று மட்டும் அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்