லேபிளை அப்புறம் ஒட்டு, மருமகனே

வாய்யா மருமகனே, அந்தக் கயித்துக் கட்டில்ல உக்காரு. கையில பாலித்தீன் கவரோட நீ தெருவுல திரும்பும்போதே தெரிஞ்சுபோச்சு, இன்னைக்கும் கப்பி மீன்ல ஒரு புது ரகம் பொறந்திருக்குன்னு. போன மாசம் ஒண்ணு பொறந்துச்சு. அதுக்கு முந்தி ஒண்ணு, 'அச்சங்குளம் ராக்கெட்'. அதுக்குச் சிவகாசியில போய் ஸ்டிக்கரே அடிச்சிட்டு வந்துட்ட. நம்ம பக்கத்துப் புத்தி எங்க போகும்? பட்டாசு உருட்டுறதுக்கு முந்தியே லேபிள் அச்சாகி வந்துரும். மயில் ஆடும், புலி உறுமும், குழந்தை சிரிக்கும். உள்ள இருக்கிறது வெடிக்குமா நமுத்துப் போயிருக்குமாங்கிறது திரியைப் பத்த வச்சவன் பாடு.

கப்பின்னு சொன்னா எனக்கு ரெண்டுதான் தெரியும். ஒண்ணு கிணத்துல தண்ணி இறைக்கிற உருளை. இன்னொண்ணு கம்பு இடிச்சுச் சலிச்சா மேல தங்குறது. மீனுக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு நீதான் செல்போனைப் பாத்து வாசிச்சுக் காட்டின. டிரினிடாட் தீவுல இருந்து கப்பிங்கிற துரை மீனு அனுப்பினாராம். லண்டன் மியூசியத்துல குந்தர்ன்னு ஒருத்தர், 1866ல, அனுப்பினவர் பேரையே அதுக்கு வச்சுட்டாராம். பெறகு பாத்தா, பீட்டர்ஸ்னு ஒரு ஜெர்மன்காரர் 1859லயே அதே மீனுக்கு வேற பேரு எழுதி வச்சிருக்காரு. இன்னைக்கும் சாஸ்திரத்துல நிக்கிறது பீட்டர்ஸ் வச்ச பேரு. சந்தையில நிக்கிறது கப்பி. வெள்ளைக்காரனே அவசரப்பட்டு ஒட்டி மாட்டிக்கிட்டான், நீ எம்மாத்திரம்.

சரி, கவரைக் காட்டு. அடேயப்பா, வால் விசிறி கணக்கா இருக்கே. செவப்புக் கிடாயை நீல ரகத்துப் பெட்டையோட சேத்த, தலையீத்துல அத்தனை ஆம்பளையும் ஒரே அச்சா வந்துருச்சு, அதானே? பருத்தி விவசாயி மகனுக்கு இதை நான் சொல்லணுமா? வீரிய ஒட்டு விதை வாங்கி விதைச்சா காடு பூராம் ஒரே மட்டமா, ஒரே காயா நிக்கும். ஆகா விதை கிடைச்சிருச்சுன்னு அந்தப் பருத்தியிலயே கொட்டை எடுத்து மறுவருசம் விதைச்சானே உங்க தாத்தன், என்ன ஆச்சு? ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, ஒண்ணு மலடு. உன் மீனும் அந்தக் கொட்டைதான். இந்தப் பிள்ளைகள் தங்களுக்குள்ள கூடிப் பெறப்போற பேரப்பிள்ளைகளைப் பாரு. அப்பத் தெரியும், எத்தனை சாயம் உள்ள ஒளிஞ்சு கிடந்துச்சுன்னு.

அந்தச் செவப்புக் கண்ணு வெள்ளை மீனைத்தான் பாரேன், அல்பினோங்கிறியே. சாதா மீனோட சேத்தா முதல் தலைமுறையில ஒண்ணுகூட வெள்ளையா வராது. காசு போச்சேன்னு தலையில கை வச்சுக்கிட்டு வந்து நின்ன. அந்தப் பிள்ளைகளையே மறுபடி சேத்தப்பறம், நாலுல ஒண்ணு வெள்ளையா எட்டிப் பாத்துச்சு. பாட்டன் சாடை பேரன்கிட்ட வர்றது நம்ம வீட்டுல புதுசா? உன் மூக்கு யாரு மூக்குன்னு நினைக்கிற?

டென்மார்க்குல ஒரு பீர் கம்பெனி ஆராய்ச்சிக்கூடம். கார்ல்ஸ்பெர்க்னு பேரு. அங்க ஷ்மிட்ங்கிறவரு 1920ல இந்த மீனை வளத்து, ஒரு கரும்புள்ளி அப்பன்கிட்ட இருந்து மகனுக்கு மட்டுமே போகுது, மகளுக்குப் போகவே இல்லைன்னு கண்டுபிடிச்சாரு. 1922ல விங்கேன்னு இன்னொருத்தர் அது ஒய் குரோமோசோம் விவகாரம்னு பிரிச்சுச் சொன்னாரு. நம்ம பாசையில சொன்னா இனிஷியல். அப்பன் இனிஷியல் மகனுக்கு, அவன் இனிஷியல் அவன் மகனுக்கு. ஆனா எல்லா நிறமும் இனிஷியல் இல்லை மருமகனே. கொஞ்சம் தாய் வழியிலயும் வருது. பெட்டை மேல அது தெரியாது, சாம்பல் பூசின மாதிரி சும்மா திரிவா. அவ பெத்த ஆம்பளைப் பிள்ளை மேலதான் வந்து விடியும். நீ என்னடான்னா கிடாய்க்கு நோட்டுப் போட்டு, படம் எடுத்து, பேரு எழுதுற. பெட்டைகளை மட்டும் ஒரே ஃபிரிட்ஜ் பெட்டியில கொட்டி, 'மிக்ஸ்'னு ஒரு சீட்டு ஒட்டியிருக்க. தாயைத் தண்ணித் துறையில பாத்தா பொண்ணை வீட்டுல பாக்க வேண்டாம்னு நம்ம கிழவிகள் சொன்னது உனக்குன்னே சொன்ன மாதிரி இருக்கு. தண்ணித் துறைதான், பக்கத்துலயே குந்தியிருக்க, பாக்கத்தான் மாட்டேங்கிற.

இன்னொரு சூட்சுமம். பெட்டை ஒருதரம் சேந்துட்டா, அந்த வித்தை வயித்துக்குள்ளயே சேமிச்சு வச்சுக்கிட்டு ஏழெட்டு மாசம்கூடக் குட்டி போடுவாளாம். மாசம் ஒரு ஈத்து, ஈத்துக்கு இருபதோ அம்பதோ. நீ சந்தையில பெட்டை வாங்கியாந்து உன் கிடாயோட விட்டுட்டு, 'என் மீனு குட்டி போட்டுருச்சு மாமா'ன்னு மிட்டாய் கொடுத்த. யாரு பிள்ளைக்கு யாருய்யா காதுகுத்து? கன்னிப்பெட்டையா வேணும். அதுக்கு, குட்டிகளுக்கு மூணு வாரம் ஆகும்போதே ஒவ்வொண்ணாப் பிரிக்கணும். கண்ணாடி டம்ளர்ல ஒண்ணைப் பிடிச்சுச் சாயங்கால வெயிலுக்கு நேரா தூக்கிப் பாரு. வயித்துக்குப் பின்னால மைப்பொட்டு மாதிரி கருப்பா தெரிஞ்சா பொம்பளைப் பிள்ளை. அடித்துடுப்பு விசிறியா விரியாம, பென்சில் சீவின மாதிரி கூரா நீள ஆரம்பிச்சா ஆம்பளை. எனக்கு இந்த வயசுல, கண்புரை எடுத்த கண்ணுக்கே தெரியுது. உனக்குத் தெரியாதா? பொறுமைதான் இல்லை. நீ வாட்ஸ்அப்புல படம் போட்டு முடிக்கிறதுக்குள்ள அண்ணன் தங்கச்சியெல்லாம் முறை தெரியாம ஒண்ணாயிருது.

முறைன்னதும் என் ஆடுகளைச் சொல்லியாகணும். வேம்பூர் ஆடு, வெள்ளை உடம்புல செங்காவிப் பொட்டு. கெடையில ஒரு பொலிகிடாயை ரெண்டு வருசத்துக்கு மேல நான் வச்சுக்கிட்டதில்லை. அவன் மக வளந்து நிக்கிறதுக்குள்ள அவனை மாத்திருவேன். ரகம் சுத்தமா இருக்கணும்னு சொந்தத்துக்குள்ளயே கட்டிக்கிட்டே போனா என்ன ஆகும்னு ராஜபாளையத்து நாய்க்காரனைக் கேளு. 2005ல தபால் தலையிலயே வந்த நாய் அது. பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோசாப்பூ. அந்த வெள்ளைக்கே ஆசைப்பட்டுப் பொறுக்கிப் பொறுக்கிச் சேத்ததுல, சில குட்டிகளுக்குக் காதே கேக்காமப் போச்சு. காவலுக்கு வச்ச நாய், திருடன் கதவைத் தட்டினாலும் தூங்கும். உன் மீனுக்குக் காது போனா உனக்குத் தெரியப்போறதில்லை, முதுகு கோணுச்சுன்னா தெரியும். ஒரே ரகத்தை ரெண்டு தொட்டியில தனித்தனிக் குடும்பமா ஓட்டு. நாலஞ்சு தலைமுறைக்கு ஒருக்கா அங்கிட்டுப் பெட்டையை இங்கிட்டு மாத்து. தலைமுறைக்கு மூணு நாலு மாசம்னு வச்சாலும், ஒரு நிறம் தங்குறதுக்கு ரெண்டு வருசம் ஓடிரும். அதுக்குள்ள உனக்குக் கல்யாணமே ஆயிரும், பொண்ணு கிடைச்சா.

தண்ணியில மட்டும் உனக்கு அதிர்ஷ்டம். நம்ம போர்த் தண்ணியில பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, டீ வாயில வைக்க வெளங்காது. அந்தச் சவுடுதான் கப்பிக்கு வேணுமாம். ஊரையே விரட்டுற தண்ணி, வந்த விருந்தாளிக்கு ஒத்துக்கிருது. வெயில்தான் ஆகாது. சித்திரையில மொட்டைமாடித் தொட்டிக்கு ஓலை போடலைன்னா குழம்பு வச்சிரலாம்.

நிறத்தைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தராத. நாங்க நிறத்துலயே பொழைச்சவங்க. வாணத்துல நிறம்ங்கிறது உப்பு. ஸ்ட்ரான்சியம் போட்டா செவப்பு, பேரியம் போட்டா பச்சை, செம்பு போட்டா நீலம். 2018ல சுப்ரீம் கோர்ட்டு பேரியமும் சரவெடியும் கூடாதுன்னதுல இருந்து பச்சைக்குப் படுற பாடு ஊருக்கே தெரியும். அதுலயும் நீலம் இருக்கே, அது பிகு பண்ணிக்கிற மாப்பிள்ளை. சூடு கொஞ்சம் கூடிட்டா வெளுத்துரும். உன் மீன்லயும் நீலம் பிகுதான். அது சாயமே இல்லையாம், தோலுக்குள்ள பொடிப்பொடிக் கண்ணாடிச் சில்லு மாதிரி இருந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்குதாம். அதனால டியூப் லைட்டுக்குக் கீழ பாத்து விலை பேசாத. செவப்பும் ஆரஞ்சும் வேற கதை, பாதி வித்து, பாதி தீனி. பாசியும் புழுவும் தின்னு வளந்த அண்ணனுக்கும், தவிட்டு உருண்டை தின்ன தம்பிக்கும் நிறம் ஒண்ணா வராது. நீ தீனியைக் கொறைச்சுட்டு ரகம் கெட்டுப்போச்சுன்னு கழிச்சுக் கட்டுற. தூத்துக்குடி உப்பளத்துல தன்னால கிடக்குற ஆர்டீமியாவுக்கு டப்பா டப்பாவாக் காசு கொடுக்கிறியே, கூடவே நம்ம தொட்டிக் கொசுப்புழுவையும் அள்ளிப் போடு. அதுக்குக் காசு கேக்க ஆளில்லை.

ஒண்ணு மட்டும் வேண்டாம். கழிச்ச மீனைக் கம்மாயில விடாத. டிரினிடாட் ஓடைகள்ல எண்ட்லர்ங்கிறவரு பாத்தாராம். அருவிக்குக் கீழ, பெரிய மீனு வேட்டையாடுற இடத்துல, கப்பி ஆம்பளையெல்லாம் மங்கிப்போய் அடக்கமாத் திரியுது. அருவிக்கு மேல, பயமில்லாத இடத்துல, கலர் கலராச் சட்டை போட்டுக்கிட்டு அலையுது. நம்ம கம்மாயில விரால் இருக்கு, கெளுத்தி இருக்கு. உன் ரெண்டு வருசப் பாட்டைச் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரும். முடிக்காமத் தப்பிச்சுதுன்னா இன்னும் மோசம், நம்ம அயிரைக்கும் கெண்டைக்கும் சோத்துல பங்குக்கு வந்து நிக்கும். வாரக்கணக்குல தண்ணி பிடிச்சு வைக்கிற ஊரு இது, வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டி. அதுல ரெண்டு ரெண்டு விட்டா கொசுப்புழு தின்னுட்டுக் கிடக்கும், டெங்குக்காரன் வந்து திட்ட மாட்டான்.

அந்த எண்ட்லர் 1975ல வென்சுவேலாவுல ஒரு ஏரியில சின்னதா, பொடியா ஒரு மீனு பிடிச்சாரு பாரு, அதை 1937லயே பாண்டுன்னு ஒருத்தர் பிடிச்சு வச்சிருக்காரு. முறையா அதுக்குப் பேரு வச்சது 2005ல. அதுவும் பிடிச்சவங்க பேரு இல்லை, அந்தப் பீர் கம்பெனி விங்கே பேரு. கிட்டத்தட்ட எழுபது வருசம் பேரில்லாமலே நீந்திக்கிட்டு இருந்திருக்கு. உனக்கு எழுபது நாள் தாங்க மாட்டேங்குது.

கேலி பண்றேன்னு மூஞ்சியைத் தூக்காதய்யா. காலையில பட்டாசு ஆலை பஸ்ஸு வந்து நிக்கும்போது உங்கம்மா ஏறுறா பாரு, அந்தப் பஸ்ஸு சாயங்காலம் திரும்புற வரைக்கும் எனக்குக் கஞ்சி இறங்குறதில்லை. 2021 பிப்ரவரி 12ந் தேதி நம்ம ஊர்ல என்ன நடந்துச்சுன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலை வெடிச்சதுல 20 உசுருக்கு மேல. நீ மீனு வளக்கப் போறேன்னு சொன்ன அன்னைக்கு ஊரே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். உங்கம்மாகிட்ட மட்டும் தனியாச் சொன்னேன், செய்யட்டும் தாயி, அது வெடிக்காதுன்னு.

சரி, எந்திரி. தொழுவுக்கு வா, ஒண்ணு காட்டுறேன். வைகாசியில, நிறமில்லாத சனியன்னு சொல்லி நாலு பெட்டையை என் ஆட்டுத் தொட்டியில கொட்டிட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா? நான் கம்மாயில கொஞ்சம் வேலம்பாசி அள்ளியாந்து மேல போட்டு வச்சேன், பெத்தவளே பிள்ளையைத் தின்னுரக் கூடாதேன்னு. குனிஞ்சு பாரு. ஆடு வாய் வைக்கிறதுக்குள்ள பாரு. அந்தா, பாசிக்கு ஓரமா. ஒண்ணு, ரெண்டு, மூணு... வால் பூராம் நீலம், விளிம்புல மட்டும் நெருப்பு வச்ச மாதிரி செவப்பு. பதினோரு ஆம்பளை, நான் எண்ணிட்டேன். என் தொட்டியில அப்பக் கிடா மீனே கிடையாது மருமகனே. அப்பன் யாருன்னு உன் மாடியில போய்த் தேடு.

என்னது, பேரா? இதுக பேரப்பிள்ளை எடுக்கட்டும், அப்புறம் பாப்போம். எனக்கு ஒரு பொலிகிடாய் வாங்கிக் கொடுத்துட்டுச் சோடியைக் கொண்டுபோ. கவரை நீட்டு. ஏய், அந்த ராக்கெட் ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டு நீட்டுடா.